எழுபத்து மூணு மார்க்

போன வாரம் எங்க பழைய பிராஞ்ச்ல கூட வேலை பார்த்த ஒரு தோழி போன் பண்ணினாங்க. பையனுக்கு டாக்டர் சீட் விஷயமா குழப்பமாம். "கிடைக்கிற பிரைவேட் சீட்டை எடுத்துக்கலாமா, இல்ல ஒரு வருஷம் டிராப் போட்டு மறுபடி நீட் எழுத வைக்கலாமா? நீங்க அனுபவப்பட்டவங்க, சொல்லுங்க"ன்னாங்க. அனுபவப்பட்டது நிஜம். ஆனா போன்ல ரெண்டு வரியில சொல்ற அனுபவமா அது? "யோசிச்சு சொல்றேன்பா"ன்னு வெச்சிட்டேன். யோசிச்சதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க மக்களே.

கொசுவத்தியை 2021-க்கு சுத்தறேன்.

அந்த வருஷம் எனக்கு ப்ரமோஷன் வந்துச்சு. கூடவே சூரத்ல இருந்து நாக்பூருக்கு டிரான்ஸ்ஃபர். என் பொண்ணு அப்பதான் பத்தாவது முடிச்சிருந்தா. கொரோனாவால போர்டு பரீட்சையே நடக்காத வருஷம் அது. "பதினொண்ணாவதுக்குத்தான் ஸ்கூல் மாத்தறோம், இதுதான் சரியான நேரம்"னு நானும் ரங்கமணியும் எங்களையே பாராட்டிக்கிட்டோம். ஒரு வரி விதிமுறையை யாரும் படிக்கலை.

அந்த வரி என்னன்னா, மகாராஷ்டிராவுல மாநில ஒதுக்கீட்டுல மெடிக்கல் சீட் வேணும்னா பத்தாவது, பன்னிரண்டாவது ரெண்டும் அந்த மாநிலத்துலயே படிச்சிருக்கணும். இடமாற்றத்துல வர்ற அரசு ஊழியர் பிள்ளைகளுக்கு விலக்கு உண்டு. நான் தனியார் பேங்க், எனக்கு அது கிடையாது. குஜராத்துக்குப் போகலாம்னா பன்னிரண்டாவது அங்க படிக்கலை. ஆக, அவ பத்து படிச்ச மாநிலமும் அவளுக்கு இல்ல, பன்னிரண்டு படிச்ச மாநிலமும் இல்ல. ஊர் ஊரா மாத்தலாகிப் போற நம்ம வீட்டுப் பிள்ளைங்களுக்கு இது பெரிய பள்ளம். எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளை வீட்ல இருந்தா, இருக்கிற மாநிலத்தோட விதியை இப்பவே எடுத்துப் படிச்சிடுங்க.

மிச்சம் இருந்தது ரெண்டு வழி. அரசுக் கல்லூரிகள்ல அகில இந்திய ஒதுக்கீடு 15 சதவீதம், அதுக்கு நாடே போட்டி. இன்னொண்ணு, பூர்வீகம் தமிழ்நாடுங்கிறதால நேட்டிவிட்டி சான்றிதழ் வாங்கி தமிழ்நாட்டு கவுன்சிலிங். அதுக்காக ரங்கமணி தென்காசிக்குப் போய் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார்னு பத்து நாள் அலைஞ்சார். அவரோட பள்ளி டி.சி. மாமியாரோட டிரங்குப் பெட்டியில பட்டுப்புடவைக்கு அடியில கிடைச்சது. அன்னிக்கு எங்க வீட்ல தீபாவளி :-)

2023 மே 7 நீட். ஜூன் 13 ரிசல்ட். 720-க்கு 517. பயாலஜி 320, கெமிஸ்ட்ரி 127, பிசிக்ஸ் 70. 180-க்கு எழுபது! பிசிக்ஸ்தான் காலை வாரிவிட்டுது. அகில இந்திய ஒதுக்கீட்டுல ஒண்ணும் கிடைக்கலை. தமிழ்நாட்டுல எங்க பிரிவுக்கு அரசுக் கல்லூரி கிடைக்க இன்னும் நாப்பது மார்க்குக்கு மேல வேணும். கிடைச்சது ஒரு சுயநிதிக் கல்லூரியில அரசு ஒதுக்கீட்டு எம்.பி.பி.எஸ். சீட்.

இப்ப கணக்குக்கு வருவோம், அதுதானே நமக்குத் தெரிஞ்ச தொழில். அரசுக் கல்லூரின்னா வருஷ டியூஷன் இருபதாயிரத்தைத் தாண்டாது. இந்த சீட்டுக்கு வருஷம் நாலரை லட்சத்தை ஒட்டி. ஹாஸ்டல், சாப்பாடு, புத்தகம், நாக்பூருக்கு வந்து போற டிக்கெட் எல்லாம் சேர்த்தா படிப்பு முடியறதுக்குள்ள முப்பது லட்சத்தைத் தாண்டும். (நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள்ல வருஷத்துக்கே இருபது லட்சத்துக்கு மேல கேக்கற இடங்கள் இருக்கு. அந்தப் பக்கம் நாங்க தலைவெச்சும் படுக்கலை.)

அதுல 20 லட்சம் கல்விக்கடன்னு வைங்க. ஏழரை லட்சத்துக்கு மேல போனா சொத்து அடமானம் கேப்பாங்க. நானே எத்தனை பேர்கிட்ட கேட்டிருக்கேன்! வட்டி பத்தரை சதவீதம். வருஷத்துக்கு 4 லட்சமா அஞ்சு தவணை வாங்கினா, படிப்பு முடிஞ்சு இன்னொரு வருஷம் கழிச்சு கட்ட ஆரம்பிக்கும்போது வெறும் தனிவட்டியே ஒன்பதரை லட்சத்தை நெருங்கிடும். அதையும் அசலோட சேர்த்து பத்து வருஷத்துல அடைக்கணும்னா மாசம் கிட்டத்தட்ட நாப்பதாயிரம். எங்களுக்கு ஏற்கெனவே வீட்டுக்கடன் ஓடிட்டிருந்தது. மொத்தத்தையும் ஒரு வெள்ளைத்தாள்ல எழுதி, அந்தத் தாளை ஹேண்ட்பேக்ல வெச்சுக்கிட்டேன். வீட்ல யாருக்கும் காட்டலை.

ரங்கமணி சொன்னார், "எடுத்துக்கலாம். எம்.பி.பி.எஸ். எங்க படிச்சாலும் எம்.பி.பி.எஸ்." எங்கப்பா ஊர்ல இருந்து போன்ல, "கிடைச்சதை விடாதேம்மா. கையில இருக்கறதுதான் நம்மது"ன்னார். பொண்ணு மட்டும் ஒண்ணும் சொல்லலை. சேரக் கடைசித் தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடி, ராத்திரி கிச்சன்ல வந்து நின்னா.

"அம்மா, நீ என்ன சொல்றே?"

நான் சொன்னேன்: "நாப்பது மார்க்தானேடி. ஒரு வருஷம் உட்கார்ந்தா உன்னால முடியும். கவர்ன்மென்ட் காலேஜே கிடைக்கும்."

அந்த ஒரு வாக்கியத்துல அவ முகம் மலர்ந்துச்சு. அம்மா தன்னை நம்பறான்னு சந்தோஷம். சீட்டை விட்டோம்.

ஏன் அப்படி சொன்னேன்? பதிலுக்கு இன்னும் பின்னாடி சுத்தணும். பி.காம். முடிச்சிட்டு சி.ஏ. இன்டர் எழுதினேன். முதல் தடவை ஒரு குரூப் போச்சு. மறுபடி எழுதத் தயாராகும்போது பேங்க் பரீட்சையில பாஸ். அப்பவும் அப்பா இதே வசனம்தான், "கிடைச்சதை விடாதே." விடலை. நல்ல வேலை, நல்ல வாழ்க்கை, குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா பிராஞ்சுக்கு ஆடிட் வர்ற ஒவ்வொரு சி.ஏ. பொண்ணையும் பார்க்கும்போது ஒரு நிமிஷம் உள்ள ஏதோ புரளும். அன்னிக்கு ராத்திரி கிச்சன்ல பேசினது பாதி அந்த இருபத்தொரு வயசுப் பொண்ணு. மீதிப் பாதி? அதைக் கடைசியில சொல்றேன்.

அந்த ஒரு வருஷம் எப்படி இருந்ததுன்னா, வீட்ல டிவி சத்தம் கிடையாது. கோச்சிங் ஃபீஸ் ஒண்ணரை லட்சம். நாக்பூர் வெயில்ல மதியம் ரெண்டு மணிக்கு ஸ்கூட்டியில போவா, ராத்திரி ஒன்பதுக்கு வருவா. கூடப் படிச்சவங்க எல்லாம் காலேஜ் போட்டோ போட, இவ வாட்ஸப்பையே எடுத்துட்டா. ஊர்ல கல்யாணத்துக்குப் போனா "இப்ப என்ன பண்றா?"ங்கற கேள்வி வரும்னு ரெண்டு கல்யாணத்துக்கு நாங்க போகலை. டிசம்பர்ல ஒரு நாள் பிசிக்ஸ் புத்தகத்து மேலயே தலை வெச்சு அழுதுக்கிட்டிருந்தா. என்னடின்னு கேட்டா, "ஒண்ணுமில்லம்மா, காபி போட்டுத் தர்றியா?"ன்னா.

2024 மே 5 பரீட்சை. ஜூன் 14-ன்னு சொன்ன ரிசல்ட் ஜூன் 4-ம் தேதியே வந்துச்சு. அன்னிக்குத்தான் தேர்தல் முடிவும். பிராஞ்ச்ல எல்லாரும் ஓட்டு எண்ணிக்கையையும் விழற சென்செக்ஸையும் பார்த்துட்டிருக்க, எனக்கு வீட்ல இருந்து போன். "அம்மா... 595!"

எழுபத்தெட்டு மார்க் ஏத்தம்! நான் சீட்ல இருந்து எழுந்தே நின்னுட்டேன். அவ குரல் மட்டும் ஏறலை. "ரேங்க் பாருமா"ன்னா.

ரேங்க் கிட்டத்தட்ட போன வருஷத்து ரேங்க்தான். சில ஆயிரம்தான் வித்தியாசம்.

2023-ல 600 மார்க்குக்கு முப்பதாயிரத்துக்குள்ள ரேங்க். 2024-ல அதே 600-க்கு எண்பதாயிரத்தை ஒட்டி. சிலபஸைக் குறைச்சிருந்தாங்க, எழுதினவங்க 23 லட்சத்தைத் தாண்டிட்டாங்க, எல்லார் மார்க்கும் வீங்கிடுச்சு. அப்புறம் நடந்த கூத்து உங்களுக்கே தெரியும். முதல்ல 67 பேருக்கு 720-க்கு 720. 1563 பேருக்குக் கருணை மார்க், அப்புறம் அது ரத்து, மறுபரீட்சை. வினாத்தாள் கசிவு வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், ஜூலை 23-ம் தேதி மொத்தமா மறுதேர்வு கிடையாதுன்னு தீர்ப்பு. அந்த ஏழு வாரமும் மறுபடி எழுதணுமோன்னு புத்தகத்தைக் கட்டவும் முடியாம, திறக்கவும் முடியாம பிள்ளை உட்கார்ந்திருந்தா.

அதுலயும் ஒரு கொடுமை. ஒரு பிசிக்ஸ் கேள்விக்கு பழைய என்.சி.இ.ஆர்.டி. புத்தகப்படி ஒரு விடை, புதுப் புத்தகப்படி வேற விடை. முதல்ல ரெண்டுக்கும் மார்க் குடுத்தாங்க. கோர்ட்ல ஐ.ஐ.டி. டெல்லி நிபுணர்களைக் கேட்டு, ஒண்ணுதான் சரின்னாங்க. பழைய விடை போட்டவங்களுக்கு நாலு மார்க் போய் மைனஸ் ஒண்ணு. எங்க பொண்ணு பக்கத்து பிளாட் அக்கா குடுத்த பழைய புத்தகத்துல படிச்சவ. "எதுக்குப் புதுசு, காசு தண்டம், இதே நல்லா இருக்கே"ன்னு வாங்கி வெச்சது நான். 595 கடைசியில 590 ஆச்சு. அந்த அஞ்சு மார்க் இருந்திருந்தாலும் அரசு சீட் கிடைச்சிருக்காது. இருந்தாலும் இன்னிக்கும் அந்தப் புத்தகத்தை எடைக்குப் போட மனசு வரலை.

முடிவு என்னன்னு ஊகிச்சிருப்பீங்க. தமிழ்நாட்டுல இன்னொரு சுயநிதிக் கல்லூரி, அதே அரசு ஒதுக்கீடு, அதே நாலரை லட்ச ரகம். போன வருஷம் விட்டதையே ஒரு வருஷம் கழிச்சு வாங்கினோம். இந்தத் தடவை யாரும் யோசிக்கலை. அன்னிக்கே கடன் விண்ணப்பம் எழுதினேன்.

ஹாஸ்டல்ல விடப் போன ரயில்ல, எதிர் பெர்த்ல படுத்துக்கிட்டே கேட்டா: "அம்மா, போன வருஷம் வேண்டாம்னு சொன்னியே, காசுதான் காரணமா?"

வண்டி ஏதோ பாலத்து மேல போயிட்டிருந்துச்சு. பொய் சொல்லியிருக்கலாம். ஹேண்ட்பேக்ல இருந்து அந்த வெள்ளைத்தாளை எடுத்துக் குடுத்தேன். "பாதி காசு. பாதி என் சி.ஏ. உன்னால முடியும்னு நம்பினதும் நிஜம்தான்டி. ஆனா அதை மட்டும்தான் உன்கிட்ட சொன்னேன்."

நிதானமா படிச்சா. "இதை அப்பவே காட்டியிருந்தா நான் சேர்ந்திருப்பேன். எஜுகேஷன் லோன் என் பேர்லதானே? நாந்தானே கட்டப் போறேன்?"ன்னா. கொஞ்ச நேரம் கழிச்சு, "உனக்கு என்மேல அவ்ளோ நம்பிக்கைன்னு நினைச்சு, அந்த டிசம்பர்ல விட்டுடலாம்னு தோணினப்பகூட சொல்லலை"ன்னு திரும்பிப் படுத்துக்கிட்டா. மன்னிச்சிட்டாளான்னு கேக்கற தைரியம் எனக்கு இல்ல. காலையில அவதான் எனக்கு டீ வாங்கிட்டு வந்து எழுப்பினா.

இப்ப ரெண்டாம் வருஷம். நல்லா படிக்கிறா. அவளோட பழைய செட் எல்லாம் சீனியர்கள்.

தோழிக்கு நான் சொல்ல நினைக்கிறது இதுதான். டிராப் தப்புன்னு சொல்ல மாட்டேன். எங்க கோச்சிங்லயே அந்த வருஷம் அரசுக் கல்லூரிக்குப் போனவங்க இருக்காங்க. ஆனா நாங்க பார்த்தது "இன்னும் எத்தனை மார்க்"னு மட்டும்தான். நாம ஓடற வேகம் நம்ம கையில, அடுத்த வருஷம் கூட ஓடற கூட்டம் நம்ம கையில இல்ல. அதனால மார்க்கை வெச்சுக் கணக்குப் போடாதீங்க, ரேங்க்கைப் பாருங்க. மார்க் எதுல போச்சு, அதை ஒரு வருஷத்துல சரிபண்ண முடியுமான்னு வாத்தியார்கிட்ட கேளுங்க. சீட்டை எந்தச் சுற்றுல விட்டா டெபாசிட் திரும்ப வரும், எதுல போகும், சேர்ந்த பிறகு விலகினா என்ன அபராதம்னு அந்த வருஷத்து விதிகளை வரிவரியா படிங்க. ஆல் இந்தியா கோட்டாவுல முதல் சுற்று சீட்டை விட்டா டெபாசிட் போகாது, ரெண்டாவது சுற்றுல சேராம விட்டா போயிடும்.

எல்லாத்துக்கும் மேல, வீட்டுக் கணக்கைப் பிள்ளைகிட்ட காட்டிடுங்க. பதினெட்டு வயசுல ஓட்டுப் போடற பிள்ளைக்கு ஈ.எம்.ஐ. புரியாதா? லோன் கேட்டு வர்ற எத்தனையோ பசங்க கையெழுத்துப் போடும்போது, "தம்பி, எவ்வளவு திருப்பிக் கட்டணும்னு தெரியுமா?"ன்னு கேட்டு எழுதிக் காட்டியிருக்கேன். என் பொண்ணுக்கு மட்டும் காட்டலை.

டிஸ்கி: பொண்ணு படிச்சு சரி சொன்ன பிறகுதான் இதைப் போடறேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னா. "டிசம்பர்ல நீ போட்ட காபியில சர்க்கரையே இல்ல, அதையும் எழுது."