சிவப்புத் திருகு

ஆஸ்பத்திரியில் என் மகனின் தோளுக்குக் கட்டுப்போட்டுக் கொண்டிருந்தார்கள். காறை எலும்பு முறிந்து, வலியில் முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, "உனக்கு ஓட்டத் தெரியலைடா" என்பதுதான். ஒரு தகப்பன் பேசும் பேச்சா அது? ஆனால் பேசிவிட்டேன்.

அவன் விழுந்த இடம் கோலாலம்பூரில் உள்ள புக்கிட் கியாரா. ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த குன்று. பழைய பால்மரங்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. அவற்றின் ஊடே மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஒற்றையடிப் பாதைகள் இருக்கின்றன. சில இடங்களில் மரவேர்கள் குறுக்கே படிக்கட்டுப்போலக் கிடக்கும். அப்படி ஓர் இறக்கத்தில்தான் முன்சக்கரம் பிடிப்பில்லாமல் வழுக்கி, பையன் கீழே போய்விட்டான்.

மலைச் சைக்கிள் என்றால் நாம் பாசாருக்குப் போய்வரும் சைக்கிள் அல்ல. மோட்டார் சைக்கிளுக்கு இருப்பதுபோல் முன்னாலும் பின்னாலும் அப்சோர்பர் உண்டு. அவன் வண்டியில் பின்னால் இருப்பது ஒரு சாண் நீளக் குழாய். இரும்புச் சுருள் கிடையாது. அடைத்து வைத்த காற்றுதான் ஸ்பிரிங். அது 55 மில்லிமீட்டர் அமுங்கினால் பின்சக்கரம் 130 மில்லிமீட்டர் மேலே ஏறும்.

1970களில் நான் பால் வெட்டிய காலத்தில், சைக்கிளின் இருபுறமும் பால் தோம்பு தொங்க, செம்மண் சடக்கில் ஸ்டோருக்கு மிதிப்பேன். சீட்டுக்கு அடியில் இரண்டு சுருள். அப்சோர்பர் என்றால் அவ்வளவுதான். மீதி அதிர்ச்சியெல்லாம் முதுகெலும்புக்குத்தான். இடுப்பு வலி என்று போய் நின்றால், தோட்டத்து டிரஸர் தொட்டுக்கூடப் பார்க்கமாட்டார். "வேலைக்குக் கள்ளம்" என்று சொல்லி இரண்டு மாத்திரை கொடுத்து அனுப்புவார். அப்புறம் ஃபேக்டரி பட்டறையில் பிட்டர் ஆனேன். இரும்பும் திருகும் எனக்குத் தெரியும் என்கிற கர்வம் அங்கே ஒட்டிக்கொண்டதுதான்.

எலும்பு கூடியது. "அந்தச் சனியனை வித்துடச் சொல்லுங்க" என்று அவன் அம்மா தினமும் என்னை நச்சரித்தாள். மகனோ வேறொன்று சொன்னான். "வேர் மேல ஏறும்போது வண்டி பின்னால கல்லு மாதிரி ஆயிடுச்சுப்பா." சைக்கிள் கடைக்காரர் காற்றைக் குறைக்கச் சொன்னார். நானும் அதையே சொன்னேன். இவன் மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். "அளந்து பார்க்காம காத்தைத் தொடமாட்டேன்" என்று விட்டான்.

அளப்பதற்கு அவன் வாங்கிவந்த கருவி, பேனாவைவிடச் சற்றுப் பருமனான ஒரு குழல். அதற்குள் போய்வரும் ஒரு கம்பி. பொட்டென்ஷியோமீட்டர் என்று பெயர். பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுக்குள் இருக்குமே, அதே சாமான்தான். வட்டமாகச் சுற்றுவதற்குப் பதிலாக நேராக ஓடுகிறது. அப்சோர்பரை ஒட்டி இதைப் பூட்டிவிட்டால், அப்சோர்பர் அமுங்கும்போது கம்பியும் உள்ளே போகும். அதற்கேற்ப மின்சாரம் மாறும். கையகல மின்தகடு ஒன்று அந்த மாற்றத்தை 0 முதல் 1023 வரை எண்ணாக்கி, விநாடிக்கு 200 முறை எழுதி வைக்கும்.

கேட்க எளிது. பூட்ட எங்களுக்கு மூன்று மாலைப்பொழுது ஆயிற்று.

முதலில் அப்சோர்பரின் காற்றை முழுவதும் இறக்கினோம். அப்போதுதான் வண்டியைக் கையாலேயே கடைசிவரை அமுக்கிப் பார்க்க முடியும். மகன் குழலைச் சக்கரத்தோடு ஆடும் பக்கம் வைக்கப் பார்த்தான். "ஒயர் இருக்கிற பக்கம் ஆடக்கூடாதுடா, நாலே நாள்ல அறுந்துபோகும்" என்று தடுத்தேன். குழல் சட்டத்தின் பக்கம், கம்பி ஆடும் பக்கம். அதை அவன் ஒப்புக்கொண்டான். அலுமினியப் பட்டையை அறுத்து, அரம் போட்டு, இரண்டு பிடிகள் செய்து கொடுத்தேன். பூட்டி மெதுவாக அமுக்கியபோது 'டிக்' என்று ஒரு சத்தம். அப்சோர்பர் முடியும் முன்பே கம்பி முட்டிக்கொண்டது. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் வளைந்திருக்கும். போதாக்குறைக்கு, குழல் சற்றே சாய்ந்தும் இருந்தது. சாய்ந்தால் கணக்கும் பொய்யாகிவிடும்.

பிடிகளைத் திரும்பவும் செய்தேன். கருவியின் ஓட்டம் 75 மில்லிமீட்டர், அப்சோர்பருக்கு 55. மீதி இருபதை இருபுறமும் பத்துப் பத்தாகப் பிரித்து விட்டோம். முழுக்க நீண்டிருக்கையில் 136, முழுக்க அமுங்குகையில் 887 என்று எண் வந்தது. ஓர் எண் கூடினால் ஒரு மயிரிழை அளவு அசைந்திருக்கிறது என்று அர்த்தம். பட்டறையில் நான் தொட்ட எந்த அளவுகோலும் அவ்வளவு நுணுக்கமாகச் சொன்னதில்லை.

பழைய அளவுக்கே காற்றடித்து, தொப்பியும் பையும் மாட்டிக்கொண்டு மகன் ஏறி உட்கார்ந்தான். 17 மில்லிமீட்டர் அமுங்கியது. மொத்த ஓட்டத்தில் நூற்றுக்கு முப்பது இருந்தால் சரியாம். ஆக, காற்றில் குறையில்லை. கடைக்காரர் சொன்னதும் தப்பு, நான் சொன்னதும் தப்பு. நான் எழுந்து தேத்தண்ணீர் குடிக்கப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை அதே இறக்கத்துக்குப் போனோம். நான் ஒரு பால்மரத்தடியில் நின்றேன். பழைய வெட்டுக்காயம் மூடி முண்டு முண்டாக இருந்தது. கை தானாகவே அதைத் தடவியது. இந்த முறை அவன் மிகவும் நிதானமாக இறங்கி வந்து சேர்ந்தான்.

இரவு கம்ப்யூட்டரில் கோடு போட்டுக் காட்டினான். ஒவ்வொரு வேரிலும் கோடு ஏறி இறங்குகிறது. ஆனால் ஏறிய அளவுக்கு இறங்கவில்லை. முதல் வேருக்குப் பின் 21இல் நிற்கிறது. அடுத்து 26, பிறகு 30, பிறகு 34. ஐந்தாவது வேர் வரும்போது அமுங்குவதற்கு மிச்சம் 21 மில்லிமீட்டர்தான். கல்லைப்போல் இருக்காமல் என்ன செய்யும்? பின்பக்கம் தணிந்து உட்கார, முன்சக்கரத்தில் பாரம் குறைந்து பிடிப்புப் போயிருக்கிறது. அமுங்கிய அப்சோர்பர் திரும்ப நீளும் வேகத்தை, உள்ளே எண்ணெய் ஓடும் ஒரு சிறு துளை கட்டுப்படுத்துகிறது. அந்தத் துளையைச் சுருக்கவும் பெருக்கவும் வெளியே ஒரு சிவப்புத் திருகு.

மகன் அதைத் தொட்டுப் பார்த்தான். "கடைசிவரைக்கும் இறுக்கியிருக்கே. நான் இப்படி வைக்கலையே..."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவன் விழுந்ததற்கு முந்தின வாரம் வண்டியைக் கழுவியவன் நான். அந்தத் திருகு 'கடக் கடக்' என்று கையோடு சுற்றியது. திருகு லூசாகிவிட்டது என்று நினைத்து, பிட்டர் புத்தியில் முட்டும்வரை இறுக்கிவிட்டேன்.

சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கச்சான் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழும்படியே சொன்னேன். ஆஸ்பத்திரியில் சொன்ன வார்த்தையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டேன்.

மகன் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "எத்தனை கடக்குப்பா இறுக்கினீங்க?" என்று மட்டும் கேட்டான். எனக்கு நினைவில்லை. அவனே ஒவ்வொன்றாக எண்ணித் தளர்த்தினான்.

மறுவாரம் ஐந்தாவது வேருக்குப் பிறகும் கோடு 19க்குத் திரும்பியிருந்தது. கருவியைக் கழற்றிவிட்டோம், அலுமினியப் பிடிகளை மட்டும் தன் சாமான் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறான். வண்டியை விற்கும் பேச்சு நின்றுபோனது. ஆனால் நான் வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் போனால், அவன் அம்மா இன்னமும் வாசலில் வந்து நின்றுகொள்கிறாள்.