குப்பை போகும் வழி

பழந்தமிழில் ‘குப்பை’ என்னும் சொல்லுக்குக் குவியல் என்பது பொருள். களத்தில் குவித்த நெல்லும் குப்பை. வீட்டின் புறத்தே குவிந்த கழிவும் குப்பை. உழவர்க்கு இரண்டுமே செல்வம்.

யான் பிறந்த சிற்றூரில் கொல்லைதோறும் ஓர் எருக்குழி இருந்தது. சாணமும் சாம்பலும் காய்கறித் தோலும் அதில் விழும். கோடையில் வண்டியேறி வயலுக்குச் செல்லும். தேங்காய்ச் சிரட்டை அகப்பையாகும். பழஞ்சேலை குழந்தைக்குத் தூளியாகும். அந்நாளை மிகுதியாகப் புகழ்வதற்கில்லை. குழியருகே ஈயும் கொசுவும் மொய்த்ததும் உண்மையே. ஆயினும் அதில் வீழ்ந்தவை யாவும் மண்ணோடு மண்ணாயின. இன்று நம் வீடுகளிலிருந்து வெளியேறும் நெகிழிப் பைகளுக்கு அவ்வியல்பு இல்லை.

அவை எங்கே போகின்றன? சென்னையின் தெற்கே, பெருங்குடியை அடுத்து, பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் உள்ளது. மழைக்காலத்தில் சுற்றிலுமுள்ள ஏரிகளிலிருந்து வழிந்துவரும் நீரைத் தன்னுள் தேக்கி, ஒக்கியம் மடுவின் வழியே சிறிது சிறிதாக வெளிவிடுவது அந்நிலம். பூநாரையும் கூழைக்கடாவும் அங்கே இரை தேடும். 2022-ஆம் ஆண்டில் அது ராம்சார் ஒப்பந்தப்படி உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது. அத்தகைய நிலத்தின் ஒரு பகுதியிலேதான் பல்லாண்டுகளாக மாநகரின் குப்பை கொட்டப்பட்டு மலையாயிற்று. பின்னர் அம்மலையைத் தோண்டிச் சலிக்கத் தொடங்கினர். மண் ஒருபுறம், கல் ஒருபுறம், நெகிழி ஒருபுறம் என இயந்திரங்கள் பிரித்தன. அடுக்களையில் ஒரு நொடியில் முடிந்திருக்கக்கூடிய வேலையைப் பல ஆண்டுகள் கழித்துப் பெரும்பொருள் செலவிட்டுச் செய்ய நேர்ந்தது!

கலந்த பின் பிரித்தல் அரிது. குழம்பு படிந்த செய்தித்தாளைப் பழைய தாள் வாங்குவோர் தொடமாட்டார். நெகிழிப் பையில் கட்டி எறிந்த சோறு காற்றின்றி அழுகி மீத்தேன் வாயுவை வெளியிடும். குப்பைமேடுகள் தீப்பற்றுவதற்கு அவ்வாயுவும் ஒரு காரணம். காய்கறிக் கழிவையும் மீந்த சோற்றையும் தனியே எடுத்து, துளையிட்ட மண்தொட்டியில் உலர்ந்த சருகோடு இட்டுக் கிளறி வந்தாலோ, இரண்டு மூன்று திங்களில் கரிய எருவாகிவிடும். நாற்றம் எழுந்தால் ஈரம் மிகுந்தது என்று அறியலாம். இன்னும் ஒரு பிடி சருகு வேண்டும். அவ்வளவே.

2016-ஆம் ஆண்டில் இந்திய அரசு வகுத்த விதிகள், மக்குவன, மக்காதன, தீங்கு விளைப்பன எனப் பிரித்துக் கொடுப்பதை வீட்டாரின் கடமையாக்கின. “நாம் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் கலந்துவிடுவார்கள், நாம் ஏன் பிரிக்கவேண்டும்?” என்பார் உளர். கலத்தல் குறையே; கேட்டுத் திருத்தவேண்டியதே. ஆனால், குப்பை வண்டியை அடைவதற்கு முன் ஒருவருடைய கையை அடைகிறது என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

எங்கள் தெருவிற்கு வரும் தூய்மைப் பணியாளர் ஐம்பது வயதைக் கடந்த அம்மையார். அவருடைய வலக்கைப் பெருவிரலின் அடியில் நீண்ட தழும்பு ஒன்றுண்டு. அதைப்பற்றி ஒருநாள் வினவினேன்.

“யாரோ சோற்றோடு உடைந்த கண்ணாடிக் குவளையையும் போட்டிருந்தார்கள், ஐயா. பை கனக்கிறதே என்று அடியில் கைகொடுத்துத் தூக்கினேன்.”

“கையுறை இல்லையா, அம்மா?”

“இருந்தது. கண்ணாடி அதையும் கிழிக்குமே!”

எட்டு நாள் அவரால் வேலைக்கு வர இயலவில்லை. அது எந்த வீடு என்று கேட்டேன். “அது எதற்கு, ஐயா?” என்று சிரித்தார். பிறகு, “கண்ணாடியை நாலைந்து தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஒரு கோடு கிழித்துத் தனியே கொடுக்கச் சொல்லுங்கள், போதும்” என்றார்.

அன்று மாலையே அண்டை வீட்டாரிடம் கூறினேன். எங்கள் தெருவில் முப்பது வீடுகள். இப்போது பதினொரு வீட்டார் அவ்வாறே செய்கின்றனர். மற்ற வீட்டு வாளிகளை அவ்வம்மையார் ஒரு கோலால் கிளறிப் பார்த்த பின்னரே கைவைக்கிறார்.