லாபான் ராத்தாவில் ஓர் இரவு



சபா மாநிலத்தின் கினபாலு மலையில், கடல்மட்டத்திலிருந்து 3,272 மீட்டர் உயரத்தில் லாபான் ராத்தா என்னும் தங்குமனை அமைந்துள்ளது. இது வெப்பமண்டல மலை. பனிச்சறுக்குக்கு இங்கே இடமில்லை. எனினும், ஆல்ப்ஸ் மலையின் குடில்கள் ஆற்றும் அதே பணியைத்தான் இதுவும் ஆற்றுகிறது. 4,095 மீட்டர் உயர உச்சியை நோக்கிச் செல்வோருக்கு ஓர் இரவு உணவும் உறக்கமும் தருகிறது.

2018ஆம் ஆண்டு ஆகஸ்டு பள்ளி விடுமுறையில், சக ஆசிரியர்கள் நால்வரோடு அங்குச் சென்றேன். திம்போஹோன் வாயிலிலிருந்து தங்குமனைக்கு ஆறு கிலோமீட்டர். தூரம் குறைவுதான், ஆனால் வழியெல்லாம் படிகள். நாங்கள் மூச்சு வாங்க நின்ற இடங்களிலெல்லாம் சுமைதூக்குவோர் எங்களைக் கடந்து சென்றனர். என்னைவிட வயதில் மூத்த ஓர் அம்மையார், கறுப்பு ரப்பர் காலணி அணிந்து, முதுகில் எரிவாயுத் தோம்பைச் சுமந்துகொண்டு புன்னகையோடு ஏறினார்.

மாலையில் தங்குமனையை அடைந்ததும் வெந்நீர் இல்லையே என்று முணுமுணுத்தேன். உணவுக்கூடத்தில் சூடான சோறும் கோழிக்கறியும் கண்டபோதுதான் அந்த அம்மையார் நினைவுக்கு வந்தார். அங்குச் சாலை கிடையாது. அரிசி, காய்கறி, போர்வை எல்லாம் யாரோ ஒருவரின் முதுகில் ஏறி வந்தவையே. அதன்பின் வெந்நீரைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

இரவு எட்டு மணிக்கே அடுக்குக் கட்டிலில் படுத்தோம். எனக்கு உறக்கம் வரவில்லை. தலை பிளப்பதுபோல் வலித்தது. இருமுறை வாந்தி எடுத்தேன். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் உயிர்வளி குறைகிறது. அறிவியல் பாடத்தில் நானே விளக்கியதுதான். ஆனாலும் என் உடலுக்கு அது பொருந்தும் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை.

பின்னிரவு இரண்டு மணிக்கு அனைவரும் புறப்பட்டனர். எங்கள் வழிகாட்டிகள் இருவருள் மூத்தவர், கடசான்டுசுன் இனத்தவர், விளக்கொளியில் என் முகத்தைப் பார்த்தார். "சிக்கு, நீங்கள் வர வேண்டாம்" என்றார்.

"இன்னும் 2.7 கிலோமீட்டர்தானே! சமாளித்துவிடுவேன்" என்றேன்.

"உங்களை மேலே ஏற்றுவது மட்டும் என் வேலை அன்று. கீழே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் வேலை."

இளைய வழிகாட்டியோடு மற்றவர்கள் சென்றனர். கருங்கற்பாறையில் தலைவிளக்குகள் எறும்பு வரிசைபோல் ஊர்ந்து ஏறுவதைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எனக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்து அருகில் அமர்ந்தார். 2015 ஜூன் 5ஆம் நாள் காலையில் நேர்ந்த நிலநடுக்கத்தைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசினார். அன்று மலையில் 18 உயிர்கள் பறிபோயின. சிங்கப்பூரின் தஞ்சோங் காத்தோங் தொடக்கப்பள்ளி மாணவர்கள் எழுவரும் ஆசிரியர்கள் இருவரும் அவர்களுள் அடங்குவர். மலை வழிகாட்டிகளும் மாண்டனர். உயிர் தப்பியோரைப் பாறை சிதறிய பாதையில் இறக்கிக் கொண்டுவந்தவர்களும் வழிகாட்டிகளே. பேச்சினிடையே, "பிள்ளைகள், சிக்கு" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டார். நானும் ஆசிரியன், என்னால் மறுமொழி கூற இயலவில்லை.

அப்பொழுது என் மனத்தை உறுத்தியது வேறொன்று. "இன்னும் 2.7 கிலோமீட்டர்தானே" என்ற சொற்களை நான் முன்பே எங்கோ சொல்லியிருந்தேன். அதற்கு முந்தைய மாதம், யூபிஎஸ்ஆர் சோதனைத் தேர்வின்போது, காய்ச்சலோடு வந்திருந்த மாணவி ஒருத்தி வீட்டுக்குப் போகக் கேட்டாள். "இன்னும் ஒரு தாள்தானே, எழுதிவிடு அம்மா" என்று அமரவைத்தவன் நான். அவள் எழுதினாள். மாலையில் அவளை மருத்துவமனையில் சேர்த்தார்கள். நலமாகத் திரும்பி வந்தாள் என்பதால் அதை நான் தவறாகவே கருதாமல் இருந்தேன்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் மாணவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "ஐயா, உச்சிக்குப் போனீர்களா?" என்று கேட்டார்கள். நண்பர்கள் பெற்ற வண்ணச் சான்றிதழ் என்னிடம் இல்லை. "இல்லை. உடம்புக்கு முடியவில்லை, நின்றுவிட்டேன்" என்றேன். வகுப்பு சிறிது நேரம் அமைதியானது. இடைவேளையில் அந்த மாணவியை அழைத்து, அன்று வீட்டுக்கு அனுப்பாதது என் தவறு என்று கூறினேன். "பரவாயில்லைங்க ஐயா" என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிட்டாள்.

யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. ஆயினும் தேர்வுகள் ஒழியவில்லை. தேர்வு நாள்களில் எந்தப் பிள்ளையாவது சோர்ந்து அமர்ந்திருந்தால், வினாத்தாளைக் கொடுப்பதற்கு முன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். சுட்டால் வீட்டுக்குத் தொலைபேசி செய்கிறேன்.