கல்லைக் கல்லோடு அடுக்கியவர்கள்

"திராட்சைத் தோட்டங்களுக்குள்ளால் நடந்து வருவோம்" என்று தங்கை சொன்னபோது எனக்கு மனம் அவ்வளவாக ஒப்பவில்லை. பிரான்ஸின் தென்பகுதியில் திராட்சை என்றால் பெரும்பாலும் மதுவுக்குத்தான். "பார்க்க வேறு இடமா இல்லை?" என்று கேட்டேன்.

"ராத்தா, நீங்க கல்லைப் பாருங்க. கொடியைப் பார்க்கிறதும் பார்க்காததும் ஒங்கட விருப்பம்" என்று சிரித்தாள்.

2025 ஒக்டோபர் மாதம். தங்கையும் மச்சானும் வசிக்கும் நீம் நகரம் உரோமர் காலத்து வட்ட அரங்குக்குப் பேர்போனது. அதற்கு மேற்கே சில மைல் தூரத்தில் வோனாஜ் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. அதன் ஓரத்தில் உள்ள நாஜ் என்ற கிராமத்தில் காரை நிறுத்திவிட்டு மலைப்பக்கம் ஏறினோம். மச்சான் தண்ணீர்ப் போத்தல்களையும் பகலுணவையும் சுமந்து வந்தார். ஏழு வயது மருமகள் எல்லோருக்கும் முன்னால் ஓடினாள்.

வீடுகள் முடிந்ததும் பாதையின் இருபக்கமும் கல்மதில் தொடங்குகிறது. சீமெந்தோ சுண்ணாம்போ களிமண்ணோ இல்லை. வெறும் கல்லின் மேல் கல். அதற்கு அப்பால் 'கரீக்' என்று அங்குள்ளவர்கள் அழைக்கும் பற்றைக்காடு. காடு என்றதும் நிழலை எதிர்பார்க்காதீர்கள். இடுப்பளவுக்கு மேல் வளராத செடிகள், நடுவே வெள்ளை வெள்ளையாகச் சுண்ணக்கல். ஆனால் வாசனை! கால் பட்ட இடமெல்லாம் ரோஸ்மேரியும் தைமும் மணக்கின்றன. நம் சமையலறையில் போத்தலில் பார்க்கும் காய்ந்த இலைகள் இங்கே கேட்பாரற்றுக் கிடக்கின்றன.

முள் இலை கொண்ட குட்டையான ஓக் மரம் ஒன்றுதான் அங்கே அதிகம். என் அபாயாவை இரண்டு இடத்தில் கிழித்ததும் அதுதான். அந்த மரத்தில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சியிலிருந்து பழைய காலத்தில் சிவப்புச் சாயம் எடுத்தார்கள். பூச்சியின் பெயர் அரபியில் கிர்மிஸ். ஐரோப்பியர் கருஞ்சிவப்புக்கு இன்றும் சொல்லும் 'கிரிம்சன்' என்ற சொல் அதிலிருந்து வந்ததுதான். அரசர்களும் பாதிரிமாரும் உடுத்த விலையுயர்ந்த சிவப்புத் துணிகளுக்கு இந்தச் சாயம் போனது. பூச்சியைச் சேகரித்தவர்கள் ஏழைப் பெண்கள். விடியுமுன் விளக்கோடு போய், இதற்கென்றே வளர்த்த நகத்தால் கிளையிலிருந்து ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுப்பார்களாம். கிழிந்த அபாயாவைப் பார்த்துக்கொண்டு அந்தக் கைகளைப் பற்றி நினைத்தேன். மெக்சிக்கோவிலிருந்து வேறொரு சாயப்பூச்சி வந்த பின் இந்தத் தொழில் படுத்துவிட்டது.

மலை உச்சியில் கோல் இனத்தவர் கட்டிய பழைய ஊர் ஒன்றின் இடிபாடுகள் உள்ளன. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அந்த மதில்களும் காரை பூசாதவைதான். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக நிற்கின்றன.

ஆனால் நான் பார்க்க வந்தது அதையல்ல. உச்சியைத் தாண்டிப் போனதும் பற்றைகளுக்கு நடுவே தேன்கூட்டைக் கவிழ்த்து வைத்ததுபோல் ஒரு கல்குடில் தெரிந்தது. 'கப்பித்தெல்' என்று அதற்குப் பெயர். குனிந்துதான் உள்ளே போகவேண்டும். உள்ளே நாலைந்து பேர் உட்காரலாம். வெளியே வெயில் சுட்டாலும் உள்ளே மண்குடத்துத் தண்ணீர் போல் குளிர்ச்சி.

அண்ணாந்து பார்த்தால்தான் கட்டியவனின் கெட்டித்தனம் புரியும். கூரையிலும் கல்லைத் தவிர எதுவும் இல்லை. அடியில் வட்டமாக ஒரு வரிசை. அடுத்த வரிசை உள்பக்கம் சிறிது முன்தள்ளி நிற்கிறது. அதற்கு மேல் உள்ளது இன்னும் சிறிது. இப்படி வட்டம் சுருங்கிச் சுருங்கி உச்சியில் எஞ்சும் துவாரத்தை ஒரு தட்டைக்கல் மூடிவிடுகிறது. கட்டும்போது தாங்குவதற்கு மரச்சட்டம்கூட வேண்டாம். கல்லின் பாரமே கல்லைப் பிடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு கல்லும் வெளிப்பக்கம் இலேசாகச் சரிந்திருப்பதால் மழைநீர் உள்ளே வராது.

இவற்றைக் கட்டியவர்களுக்குக் குடில் கட்டும் நோக்கம் முதலில் இருந்ததில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு துண்டு நிலம். நல்ல நிலமெல்லாம் வசதியுள்ளவர்களிடம் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் தரிசைத் திருத்துபவர்களுக்கு அரசன் வரிச்சலுகை கொடுத்தான். ஏழைகள் இந்தக் கல்மேட்டுக்கு வந்தார்கள். ஒரு கொடி நட, ஓர் ஒலிவமரம் வைக்க, முதலில் கல்லைப் பொறுக்கவேண்டும். பொறுக்கிய கல்லை எங்கே போடுவது? மதிலாக அடுக்கினார்கள். மிஞ்சியதைக் குவித்தார்கள். மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கவும் மண்வெட்டியை வைக்கவும் அதிலேயே குடில் கட்டிக்கொண்டார்கள். தொல்லையாய்க் கிடந்ததே கூரையானது. கட்டியவர் பெயர் பெரும்பாலானவற்றில் இல்லை.

குடிலின் வாசல் தென்கிழக்கைப் பார்த்திருந்தது. வடக்கிலிருந்து வீசும் மிஸ்திரால் என்ற குளிர்காற்றுக்கு முதுகைக் காட்டித்தான் கட்டுவார்கள் என்று மச்சான் விளக்கினார். தங்கை கைப்பையிலிருந்து முஸல்லாவை எடுத்தாள். "கிப்லாவும் அந்தப் பக்கம்தான் ராத்தா" என்றாள். உள்ளேயே லுஹர் தொழுதோம். சுஜூதிலிருந்து எழும்போதெல்லாம் வாசலுக்கு வெளியே பள்ளத்தாக்கு முழுவதும் சிவந்த திராட்சை இலைகள்.

இவ்வளவு பாடுபட்ட நிலம் ஏன் பற்றையாகிவிட்டது? ஒலிவமரங்களை உறைபனி கொன்றது. 1709இல் ஒரு தடவை, 1956 பெப்ரவரியில் இன்னொரு தடவை. திராட்சைக்கு வந்தது வேறு சோதனை. 1863இல் இந்தக் கார்ட் மாவட்டத்தில்தான் கொடிகள் காரணம் தெரியாமல் காயத் தொடங்கின. அமெரிக்காவிலிருந்து வந்த, வேரை உறிஞ்சும் ஒரு நுண்பூச்சியே காரணம் என்று 1868இல் கண்டுபிடித்தார்கள். அமெரிக்கக் கொடியின் அடிவேரில் ஒட்டுக்கட்டி மறுபடி நட்டபோது சமவெளியில் நட்டார்கள். கல்மேட்டுக்கு யாரும் திரும்பவில்லை. 2018இல் யுனெஸ்கோ, காரையில்லாமல் கல் அடுக்கும் இந்தக் கலையைப் பிரான்ஸ் உட்பட எட்டு நாடுகளின் பாரம்பரியமாகப் பதிவு செய்தது. கைகள் போனபின் கௌரவம் வந்தது என்று சொல்லத் தோன்றினாலும், அது முழு உண்மையல்ல. குடில்களைத் திருத்துபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இறங்கும் வழியில் திராட்சை வரிசைகளுக்குள்ளால்தான் நடந்தோம். ஓரிடத்தில் முழுத்தோட்டத்தையும் வேரோடு பிடுங்கிக் குவித்திருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்தில் நின்ற முதியவர் ஒருவர் மச்சானோடு பேச்சுக் கொடுத்தார். ஆட்கள் முன்போல் குடிப்பதில்லையாம், விலை இல்லையாம். கொடியைப் பிடுங்குபவர்களுக்கு ஹெக்டயருக்கு 4,000 யூரோ என்று 2024இல் அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்ததாம்.

'குடி குறைந்தால் நல்லதுதானே' என்று எனக்கு வாய்வரை வந்தது. நல்ல காலம், எனக்கு அவருடைய பாஷை தெரியாது.

ஏனென்றால் அவர் அடுத்துச் சொன்னது நெருப்பைப் பற்றி. 2025 ஆகஸ்டில் இங்கிருந்து தென்மேற்கே ஓட் மாவட்டத்தில் பற்றிய தீ சுமார் 16,000 ஹெக்டயரை, அதாவது ஏறக்குறைய 40,000 ஏக்கரை விழுங்கியது. வீட்டை விட்டு வர மறுத்த ஒரு பெண் உயிரிழந்தார். திராட்சைத் தோட்டத்தில் இலை பச்சை. வரிசைகளுக்கிடையே உழுத மண். அங்கே தீ தயங்கும். தோட்டத்தைப் பிடுங்கிவிட்டுச் சும்மா போட்டால் சில வருடத்தில் பற்றை ஏறிவிடும். அந்தப் பற்றையின் வழியே தீ ஊருக்குள் வரும். தாம் இந்தக் கொடியை இன்னும் வைத்திருப்பது ஊரின் ஓரத்தில் இருப்பதால்தான் என்றார்.

மது பற்றிய என் எண்ணம் மாறவில்லை. ஆனாலும் அந்த மனிதரின் கவலை என் கவலையாகிவிட்டது. ஒலிவமோ பாதாமோ நட்டால் என்ன என்று மச்சானைக் கேட்கச் சொன்னேன். "தண்ணீரை யார் தருவார்?" என்று பதில் வந்தது. அறுவடையில் தப்பிய ஒரு சிறு குலையைப் பறித்து மருமகளிடம் நீட்டினார். அல்குர்ஆன் இறைவனின் அருட்கொடைகளில் ஒன்றாகச் சொல்லும் கனியல்லவா! பிஸ்மில்லாஹ் சொல்லி ஆளுக்கு இரண்டாகச் சாப்பிட்டோம். தோல் தடித்து, விதை நிறைந்து, தேனாக இனித்தது.

நீமுக்குத் திரும்பியபோது மாலையாகிவிட்டது. மரங்கள் வரிசையாக நின்ற அகன்ற வீதியொன்றில் தங்கை காரின் வேகத்தைக் குறைத்தாள். அங்கே நிலத்தடி வாகனத் தரிப்பிடம் அமைப்பதற்காக 2006, 2007இல் தோண்டியபோது மூன்று கப்றுகள் வெளிப்பட்டனவாம். மூவரும் ஆண்கள். வலப்பக்கம் சரித்து, முகம் தென்கிழக்கே மக்காவை நோக்க அடக்கப்பட்டிருந்தார்கள். முஸ்லிம்கள் இந்தத் தென்பகுதிக்கு வந்து, 719 முதல் 759 வரை நார்போன் நகரைக் கையில் வைத்திருந்த காலத்தை ஒட்டியவர்களாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் 2016இல் எழுதினார்கள். எலும்புகளைச் சோதித்ததில் தந்தை வழி வடஆபிரிக்கா என்று தெரிந்தது. ஒருவர் இருபதுகளில் இருந்த வாலிபர். ஒருவர் ஐம்பதைக் கடந்தவர். அதே இடத்தில் பிற சமயத்தவரின் கப்றுகளும் இருந்தன.

"இப்ப இங்க ஒண்டும் இல்ல ராத்தா. ஆராய்ச்சிக்கு எடுத்துப் போயிட்டாங்க" என்றாள் தங்கை. ஆனாலும் கண்ணாடியை இறக்கி, மெல்லிய குரலில் ஸலாம் சொன்னாள். வேலைக்குப் போகிற காலைகளிலும் அப்படித்தானாம்.