விளக்கு எரியாத கோளாறு

ஸ்கேனர் கைக்கு வந்துவிட்டதால் ஏபிஎஸ் கோளாறு பார்ப்பது ஒரு வேலையே இல்லை என்ற எண்ணம் பட்டறைகளுக்குள்ளேயே வேர்விட்டுவிட்டது. செருகினால் கோட் வரும், கோட் காட்டும் சென்சாரை மாற்றினால் தீர்ந்தது, இதற்கு எதற்குத் தனிக் கூலி என்று வண்டிக்காரர் கேட்கிறார். அவர் கேட்பதில் தப்பில்லை. தொழில் படித்தவர்களே அப்படிப் பேசும்போதுதான் மனம் கொதிக்கிறது. கோட் என்பது ஒரு சர்க்யூட்டின் பெயர், அவ்வளவுதான். வலது முன்சக்கரத்திலிருந்து சிக்னல் சரியாக வரவில்லை என்று சொல்லும். சென்சார் செத்ததா, உறைக்குள்ளே வயர் அறுந்ததா, கனெக்டரில் பச்சை பூத்ததா, சக்கரத்தோடு சுற்றும் பல் வளையமான டோன் ரிங் வெடித்ததா, பேரிங் ஆடுகிறதா என்பதைச் சொல்லாது. பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் வந்து வந்து போகும் கோளாறு பெரும்பாலும் இந்த ஐந்துக்குள் அடங்கும். ஆனால் அவற்றிலும் பொல்லாதது, கோட் எதுவும் பதியாமல், எச்சரிக்கை விளக்கும் எரியாமல் வருவது.

ஜெனரல் மோட்டார்ஸின் சில்வராடோ, சியரா, டஹோ, சபர்பன் வண்டிகளே இதற்குச் சான்று. குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் 14 அமெரிக்க மாநிலங்களில் 1999 முதல் 2002 வரையிலான மாடல்களில் சுமார் 8 லட்சம் வண்டிகளை 2005-ல் அந்நிறுவனம் திரும்ப அழைத்தது. சென்சார் பழுதானது அதற்குக் காரணம் இல்லை. முன் ஹப்பில் சென்சார் உட்காரும் தளத்தில் துரு ஏறி, அது சென்சாரைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கிவிட்டது. இரண்டு வயர் காந்தச் சென்சார் தானே மின்சாரம் உண்டாக்குவது. சக்கரம் மெதுவாகச் சுற்றினால் மின்னழுத்தமும் குறையும். டோன் ரிங்குக்கும் சென்சாருக்குமான இடைவெளி கூடினால் இன்னும் குறையும். வேகமாகப் போகும்போது எல்லாம் ஒழுங்காகத் தெரியும். சிக்னலில் நிற்க வரும்போது, மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டருக்குக் கீழே, அந்த ஒரு சக்கரத்தின் சிக்னல் மட்டும் முன்கூட்டியே மறைந்துவிடும். சக்கரம் பூட்டிக்கொண்டது என்று கம்ப்யூட்டர் நினைத்து பிரேக் அழுத்தத்தை விடுவிக்கும். காய்ந்த தார்ச்சாலையில் பெடல் காலுக்கடியில் அதிரும், வண்டி முன்னால் நகர்ந்துகொண்டே போகும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது தன் கடமையைத்தான் செய்திருக்கிறது; கோட் எங்கிருந்து பதியும்?

இதைப் பிடிப்பதற்கு ஃபோர் வீல் டிரைவே ஒரு வழி தருகிறது. அந்த வழி தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போவதுதான் என் வருத்தம். மணலிலோ சரளையிலோ 4-ஹையில் போட்டால் முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒன்றாகத்தான் சுற்றியாக வேண்டும். முன் டிஃபரன்ஷியல் திறந்த வகையாக இருந்தால், ஒரு முன்சக்கரம் உண்மையிலேயே நின்றால் அடுத்த முன்சக்கரம் இரு மடங்கு வேகத்தில் சுற்ற வேண்டும். மெதுவாக பிரேக் பிடித்தபடி லைவ் டேட்டா கிராஃபைப் பாருங்கள். ஒரு கோடு பூஜ்யத்துக்கு விழுகிறது, அதன் ஜோடிச் சக்கரமோ பின் அச்சின் வேகத்திலேயே போகிறது என்றால் எந்தச் சக்கரமும் நிற்கவில்லை, சிக்னல்தான் பொய் சொல்கிறது. ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் கிடைக்கும் நிரூபணம் இது. பற்சக்கரக் கணக்கு தெரிந்தவனுக்கு மட்டுமே அந்தக் கிராஃப் பேசும்.

இவ்வளவு நேரம் செலவழிப்பதற்குப் புதுச் சென்சாரே மாற்றிவிடலாமே, அது மலிவுதானே என்பார்கள். துருவைச் சுரண்டாமல் மாட்டினால் புதுச் சென்சாரும் அதே உயரத்தில்தான் உட்காரும். அரைகுறையாகச் சுரண்டினால் சில மாதம் ஓடும், அடுத்த குளிர்காலத்தில் அதே புகார் வரும். அப்போது பழி மட்டமான ஸ்பேர் பார்ட் மேல் விழும். தளத்தை வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு அடித்து, இடதையும் வலதையும் கையால் ஒரே வேகத்தில் சுற்றி ஏசி மில்லிவோல்ட்டை ஒப்பிட்டுப் பார்ப்பதற்குள் அரை நாள் போய்விடும், உண்மைதான். ஆனால் அதே புகாரோடு வண்டி திரும்பி வராது. வேறு சிலர் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, பழைய காலத்தில் ஏபிஎஸ்ஸா இருந்தது என்பார்கள். பழைய வண்டியில் பின்சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தத் தனி வால்வு இருந்தது. இந்தத் தலைமுறை வண்டிகள் பலவற்றில் அந்த வேலையையும் ஏபிஎஸ் யூனிட்டே செய்கிறது. ஃபியூஸோடு அதுவும் போய்விடும். சுமையில்லாத பிக்கப் ஈரத்தில் பின்பக்கம் வழுக்கித் திரும்பிவிடும்.

ஏபிஎஸ் யூனிட்டின் எர்த் விஷயமும் இப்படித்தான். சேஸிஸில் போல்ட் போட்ட எர்த் முனை துருப்பிடித்திருந்தாலும் மல்டிமீட்டரில் ஓம்ஸ் பார்த்தால் சுத்தமாகக் காட்டும், ஏனென்றால் அப்போது அதில் பெரிய கரண்ட் ஓடவில்லை. ஏபிஎஸ் பம்ப் மோட்டாரை ஓட்டிக்கொண்டே வோல்டேஜ் டிராப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கைக் கடைசிவரை இரு பக்கமும் திருப்பி, சென்சார் வயரை வளைத்துக்கொண்டே மீட்டரைப் பார்க்க வேண்டும். அதற்கெல்லாம் முன்பு வண்டிக்காரரிடம் கேட்க வேண்டும்: எந்த வேகத்தில், மழையிலா வெயிலிலா, திரும்பும்போதா நேராகப் போகும்போதா, டயர் எல்லாம் ஒரே அளவா? கண்டுபிடிப்புக் கூலி என்ற வரி பில்லில் இல்லாத பட்டறையில் இந்தக் கேள்விகளை எந்தப் பையனும் கேட்கமாட்டான், பார்ட்ஸ் கணக்கில்தான் அவனுக்குச் சம்பளம் வருகிறது.