காதும் முள்ளும்

தல்லாகுளம் பெருமாள் கோயிலை அடுத்த சந்தில் நிற்கும் எங்கள் பழைய டீசல் வேனுக்குள் ஒரு படுக்கையும் ஒற்றை அடுப்பும் உண்டு. தலயாத்திரைகளுக்கென அப்பா அமைத்தவை. என்ஜின் சூட்டுக்கும் ஆயில் அழுத்தத்துக்கும் ஆளுக்கொரு சிவப்பு விளக்கு, அவ்வளவே. தனி மீட்டர்கள் பொருத்தலாமா என்பதுதான் இரு வாரங்களாக வீட்டில் வழக்கு.

சென்ற ஏப்ரலில், வத்தலக்குண்டைக் கடந்து கொடைக்கானல் மலைச்சாலையில் ஏறும்போது ஹெட் கேஸ்கெட் போயிற்று. விளக்கு எரியவேயில்லை. வெப்பத்தை உணரும் கருவி நீரில் மூழ்கியிருக்க வேண்டுமாம்; நீர் கசிந்து வற்றிவிட்டால் அது வெறும் ஆவியை அளந்துகொண்டு வாளாவிருக்கும். மீட்டரும் அவ்வாறே ஏமாறக்கூடியதுதான். ஆயினும் நீர் குறையக் குறைய அதன் முள் தடுமாறும். அத்தடுமாற்றத்தை விளக்கு காட்டாது. ஆயில் விளக்கோ, அழுத்தம் அநேகமாக முற்றும் விழுந்த பின்னரே எரியும்.

"முப்பது வருஷமா காதை வச்சுத்தான்டா ஓட்டுறேன்" என்கிறார் அப்பா. மெய்தான். என்ஜினின் குரல் சற்றே மாறினாலும் ஓரங்கட்டிவிடுவார்.

ஆனால் அன்று, முன்னிருக்கைகளுக்கு நடுவேயிருந்த என்ஜினின் தட்டல் பின்படுக்கையில் கிடந்த எனக்குக் கேட்டது, ஓட்டியவருக்குக் கேட்கவில்லை. அதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. இறைச்சிப் பொருளை வகுப்பில் வாரக்கணக்கில் நடத்துகிறவன், வீட்டில் மீட்டர் மீட்டர் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நேற்றிரவு அவராகவே கேட்டார்: "ஆயிலுக்கு மட்டும் போதுமா, ரெண்டுமா?"

"ரெண்டும்" என்றேன்.

"என்னது?"

உரக்கச் சொன்னேன்.