தூண்டில் போடலாம் வாங்க!

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டார்கள். கவிதை எனக்கு வராது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகையால் வீட்டில் கேட்டு எழுதவும் வழியில்லை. ஆனால் ஒன்று நன்றாகத் தெரியும். தூண்டில் போடத் தெரியும். சொல்லிக் கொடுத்தவர் அப்பா. விசைத்தறி ஓட்டுகிறவர். கையெழுத்து மட்டும் போடுவார். ஆனால் தண்ணீரைப் பார்த்தே உள்ளே என்ன மீன் நிற்கிறது என்று சொல்லிவிடுவார்.

அமெரிக்காவில் ‘பாஸ்’ என்ற மீனைத் தூண்டிலில் பிடிப்பது பெரிய விளையாட்டு. 1932-இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்பவர் பிடித்த பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது சுமார் 10 கிலோ! எழுபத்தேழு வருஷம் கழித்து, 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா என்பவர் அதற்குச் சமமான ஒன்றைப் பிடித்தார். நம் ஓமலூர்ப் பக்கத்து ஏரி குளங்களில் பாஸ் கிடையாது. அதற்கென்ன? நமக்கு விரால் இருக்கிறது! இரண்டுக்கும் குணம் ஒன்றுதான். செடி மறைவில் அசையாமல் நிற்கும். இரை பக்கத்தில் வந்தால் ஒரே பாய்ச்சல்.

விராலுக்குப் போகும் முன் அடிப்படைச் சாமான்களைப் பார்ப்போம். புதிதாகக் கற்பவர்களுக்கு விலை உயர்ந்த ராடு, ரீல் எதுவும் வேண்டாம். எட்டு அல்லது பத்தடி மூங்கில் கழி போதும். அடி கெட்டியாக, நுனி மெலிசாக இருக்க வேண்டும். நுனி வளைந்து கொடுத்தால்தான் மீன் இழுக்கிற வெட்டு நரம்புக்குப் போகாது. நாம் படிக்கிற கேண்டிலீவர் பீம்தான் இது!

நைலான் நரம்பு வாங்கும்போது தடிமனைப் பாருங்கள். விட்டம் இரண்டு மடங்கானால் குறுக்குப் பரப்பு நான்கு மடங்கு. தாங்கும் பலமும் ஏறக்குறைய அப்படித்தான். சின்ன மீனுக்கு மெல்லிய நரம்பே நல்லது. மீன் கண்ணில் படாது. முள்ளில் நம்பர் கூடக் கூட அளவு சிறிதாகும். கடையில் இதைத்தான் பலர் மாற்றிக் கேட்பார்கள். தக்கைக்கு மயிலிறகின் தண்டு அருமையானது. கிடைக்காவிட்டால் பழைய ரப்பர் செருப்பில் ஒரு துண்டு வெட்டிக்கொள்ளலாம். தக்கையின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிகிற அளவுக்கு ஈயம் கட்ட வேண்டும். ஆர்க்கிமிடீஸ் விதியை நான் முதலில் பார்த்தது லேபில் அல்ல, ஏரியில்தான்.

அடுத்து முடிச்சு. முக்கால்வாசிப் பேர் மீனை விடுவது இங்கேதான். தறியில் அறுந்த இழையை அப்பா கண்ணிமைக்கிற நேரத்தில் முடிவார். ஆனால் அந்த முடிச்சு நைலானில் வழுக்கிவிடும். நரம்பை முள்ளின் காதில் நுழைத்து, நுனியை நீள நரம்பின் மேல் ஐந்து சுற்றுச் சுற்றுங்கள். பிறகு காதை ஒட்டி உண்டாகும் வளையத்துக்குள் நுனியை விட்டு, எச்சில் தொட்டு, மெதுவாக இறுக்குங்கள். எச்சில் எதற்கு? உலர்ந்த நரம்பை இறுக்கினால் உராய்வில் சூடாகி, அந்த இடத்தில் பலம் குறையும்.

கற்றுக்கொள்ள ஏற்றது ஜிலேபிக் கெண்டை. ஆப்பிரிக்க மீனான இது 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. இன்று இது இல்லாத ஏரியே இல்லை எனலாம். மண்புழுவோ கோதுமை மாவு உருண்டையோ போதும். காலையும் மாலையும் நல்ல நேரம். தக்கை லேசாகத் துடித்தால் கழியைத் தூக்காதீர்கள். அது முகர்ந்து பார்க்கிறது, அவ்வளவுதான். தக்கை முழுகினாலோ பக்கவாட்டில் ஓடினாலோ மணிக்கட்டை மட்டும் ஒரு சுண்டு சுண்டுங்கள். முழுக்கையால் இழுத்தால் மீனின் உதடு கிழிந்துவிடும். கெளுத்தி மாட்டினால் ஜாக்கிரதை! முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முட்கள். துணியால் பிடியுங்கள்.

இனி விரால். அது காற்றைக் குடிக்க மேலே வந்தே தீர வேண்டும். தாமரை இலைகளுக்கு நடுவே தண்ணீர் ‘ளபக்’ என்று அசைந்தால் அங்கே ஆள் இருக்கிறார்! அப்பா காலத்தில் உயிர்த் தவளையை முள்ளில் கோர்த்து இலை மேல் இழுப்பார்கள். இப்போது சேலத்துக் கடைகளிலேயே ரப்பர் தவளை வந்துவிட்டது. அமெரிக்காவில் பாஸ் பிடிக்கப் பயன்படுத்தும் அதே தவளைதான். உள்ளே கூடு, முதுகை ஒட்டி மேல்நோக்கிய இரண்டு முட்கள். செடியில் சிக்காது. இதற்கு மட்டும் ரீல் வேண்டும். ரீலிலுள்ள டிராக் நம் கிளட்ச் மாதிரி. இழுப்பு அளவு மீறினால் வழுக்கி நரம்பை விட்டுக் கொடுக்கும். நரம்பு தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதை இறுக்க வேண்டாம். விரால் தவளையைக் கவ்வியதும் இழுத்துவிடாதீர்கள். “ஒண்ணு, ரெண்டு எண்ணு கண்ணு, அது வாயை மூடட்டும்” என்பார் அப்பா.

ஒரு நாள் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். 2020 ஊரடங்கில் தறி நின்றுபோனது. தறி ஓடினால்தான் கூலி. பல நாள் எங்கள் குழம்புச் சட்டிக்குள் வந்தது ஏரி மீன்தான். மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், இலையோரம் பெரிய விரால் ஒன்று புரண்டது. ரெண்டு கிலோவாவது இருக்கும். அப்பா தூண்டிலை ஓங்கினார், நிறுத்தினார், சுருட்டிவிட்டார். தண்ணீர்ப் பரப்பில் குங்குமம் கொட்டியது போல் செக்கச் செவேலென்று விரால் குஞ்சுக் கூட்டம்! குஞ்சுகள் வளரும்வரை தாய் தகப்பன் இரண்டும் கூடவே காவல் நிற்கும். அந்த நேரம் எதைப் போட்டாலும் கோபத்தில் பாயும். பிடிப்பது மிகச் சுலபம்.

“ஏம்ப்பா, வூட்ல ஒண்ணுமே இல்லியே?” என்றேன்.

“பெத்ததுங்கள எடுத்துட்டா குஞ்சு பூரா மத்த மீனுக்கு எரையாப் போயிரும் கண்ணு. நமக்கு ஒரு வேளைக் கொழம்பு. அதுங்களுக்கு?” என்றார்.

அன்று ராத்திரி ரசம்தான். அடுத்த வருஷங்களில், தறிச் சத்தத்தில் காது மந்தமான நிலையிலும் ராத்திரி ஷிப்டு பார்த்து எனக்கு ஃபீஸ் கட்டினார். அந்தச் சிவப்புக் கூட்டத்தை எங்கே பார்த்தாலும் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

ஆகவே நண்பர்களே, செங்குஞ்சைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டுங்கள். பாஸும் அப்படியே, ஆண் மீன் கூட்டைக் காக்கும். ஏரி குத்தகையில் இருந்தால் கேட்டுவிட்டு இறங்குங்கள். மேட்டூர் அணையில் உரிமம் பெற்ற மீனவர்கள் பரிசலில் போய் வலை போடுகிறார்கள். அது அவர்கள் பிழைப்பு. அறுந்த நரம்பைக் கரையில் போடாதீர்கள், கொக்கு காலில் சுற்றிக்கொள்ளும். கார்பன் ராடில் மின்சாரம் பாயும். கம்பிக்குக் கீழேயும் இடி மழையிலும் அதை நீட்டவே கூடாது. நீச்சல் தெரியாதவர்கள் தனியாகப் போக வேண்டாம்.

செமஸ்டர் முடியட்டும். சேர்வராயன் மலையில் மழை பெய்து சரபங்காவில் தண்ணீர் வந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ப் பக்கம் வாங்க. மூங்கில் கழி வெட்டி வைக்கிறேன். முடிச்சுப் போட அப்பாவே சொல்லித் தருவார். மண்புழு மட்டும் நீங்கள் தோண்ட வேண்டும்!